மணல், திருவிழா, மறுநாள்

பங்குனியில் காவிரியைப் பார்க்க வேண்டுமானால் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படிகளில் காலை வெயிலுக்கு முன் வந்து நிற்க வேண்டும். ஆடிப்பெருக்கில் படிகளை முழுக்கடித்துப் போன ஆறு, பங்குனியில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கிறது. நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர் நகரும். காரணம் எல்லோரும் அறிந்ததுதான். 1934ல் வந்த மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12ல் பாசனத்துக்குத் திறப்பார்கள், ஜனவரி 28ல் மூடுவார்கள். இடைப்பட்ட மாதங்களில் இங்கே ஆறு என்பது மணல்வெளிக்கு இன்னொரு பெயர்.

அந்த மணலின் வழியாகத்தான் பங்குனி ஆயில்யத்தன்று ஒரு காதலன் புறப்படுகிறார். ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோளில் பல்லக்கு. உள்ளே ஸ்ரீரங்கத்து அரங்கனின் உற்சவத் திருமேனியான நம்பெருமாள். அக்கரையில் உறையூர். அங்கே சோழன் மகளாகப் பிறந்து அரங்கனையே மணந்தவள் என்று தலபுராணம் சொல்லும் கமலவல்லி நாச்சியார், ஸ்ரீரங்கம் இருக்கும் வடதிசையைப் பார்த்தபடி இருக்கிறாள். ஆயில்யம் அவளுடைய நட்சத்திரம். அன்று ஒருநாள் மட்டும் இருவருக்கும் சேர்த்தி.

உலகின் மறுகோடியில் இன்னொரு மணல்வெளி இருக்கிறது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பிளாக் ராக் பாலைவனம். அதுவும் ஒரு காலத்தில் நீர்நிலையாக இருந்த இடம்தான், வற்றிப்போன பழைய ஏரியின் படுகை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில் அங்கே 70,000 பேர் அளவுக்குக் கூடி ஒரு வாரத்துக்கு ஒரு நகரத்தையே எழுப்புகிறார்கள். ஆளுயரத்தைப் பல மடங்கு மிஞ்சும் சிற்பங்கள், ஓடும் கலைவண்டிகள், விடிய விடிய இசை. காசு கொடுத்து வாங்குவதும் விற்பதும் கிடையாது. பனிக்கட்டி மட்டும் விதிவிலக்கு. சனிக்கிழமை இரவு, நடுவில் நிற்கும் பெரிய மர மனிதனுக்குத் தீ வைக்கிறார்கள். மறுநாள் இரவு, இறந்துபோனவர்களின் பெயர்களையும் படங்களையும் மக்கள் வைத்துவிட்டுப் போன மரக்கோயிலும் எரிகிறது. பர்னிங் மேன் என்று பெயர். 1986ல் சான்பிரான்சிஸ்கோ கடற்கரையில் லாரி ஹார்வியும் ஜெரி ஜேம்ஸும் சில நண்பர்களோடு ஒரு மரப் பொம்மையை எரித்ததில் தொடங்கி, 1990ல் பாலைவனத்துக்கு இடம் மாறியது.

இளசுகளின் காதல் கதைக்கு இதைவிடத் தோதான களம் ஒரு திரைக்கதை எழுத்தாளனுக்கு அமையாது. ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகாத இருவர், எல்லா விதியும் தளர்ந்த ஒரு வாரம், புழுதிப் புயலில் தொலைவது, நெருப்பு வெளிச்சத்தில் கண்டெடுப்பது. பாலைவனக் கலைவிழாவில் இளங்காதல் என்ற ஒற்றை வரியைச் சொன்னாலே தயாரிப்பாளருக்குப் படம் கண்ணில் ஓடும். இந்தியாவிலும் இந்தக் கனவுக்கு இடமுண்டு. ஜெய்சல்மேரில் மாசிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் பாலைவனத் திருவிழா, கட்ச் வெண்பாலையில் நடக்கும் ரண் உத்சவ் இரண்டுமே ஒளிப்பதிவாளர்களை இழுக்கும் இடங்கள்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் நெருப்போடு முடிந்துவிடுகின்றன. கதாநாயகியின் முகத்தில் தீயின் நிழலாட்டம், ஒரு முத்தம், பெயர்ப்பட்டியல். நெவாடாப் பாலைவனத்தில் நிஜத்தில் நடப்பதோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. விழா முடிந்ததும் தொண்டர்கள் வரிசை கட்டி, மணலில் கண்ணைப் பதித்து நடக்கிறார்கள். ஓர் ஆணி, ஒரு மரத்துணுக்கு, ஒரு பாசிமணி விடாமல் பொறுக்குகிறார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரான அரசுத்துறை வந்து சோதிக்கும். ஒரு வாரம் நகரமாக இருந்த இடம் பழையபடி வெறும் வெளியாகிறது. அந்த நாளில் அந்தக் காதலர்கள் எங்கே இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைத் தமிழ்க் கவிதை ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டது. அதுவும் இதே திருச்சியில், இதே மணலில்.

அகநானூற்றின் 137ஆம் பாட்டு. எழுதியவர் உறையூர் முதுகூத்தனார். பேரிலேயே ஊர் இருக்கிறது. கூத்தும் இருக்கிறது. சோழர்களின் உறந்தை, அதாவது உறையூர். பெரிய ஆற்றின் வெண்மணல், மணம் கமழும் சோலை, அங்கே பங்குனி விழா. அந்த விழாவைக் குறிக்கப் புலவர் கையாளும் சொல் 'முயக்கம்', தழுவல். இந்த ஒரு சொல்லே போதும், அது எப்படிப்பட்ட விழா என்று தெரிந்துகொள்ள. ஆனால் முதுகூத்தனார் விழாவைப் பாடவில்லை. விழா கழிந்த மறுநாளைப் பாடுகிறார். கூட்டம் போய்விட்டது. மரங்களுக்கிடையே சமைத்துத் தின்ற அடுப்புகள் மட்டும் தீயில்லாமல் கிடக்கின்றன. காதலன் பிரிந்து போகப்போகிறான் என்று அஞ்சும் ஒரு பெண்ணின் நெற்றி, அந்த இடத்தைப் போலப் பாழடைந்து ஒளியிழந்தது என்று தோழி சொல்கிறாள்.

அந்த இடத்துக்குப் பாட்டு தரும் பெயர் 'அரங்கம்'. ஆற்றிடைக் குறைக்கும் அரங்கம் என்று பெயர், ஆடுகளத்துக்கும் அரங்கம் என்று பெயர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் திருவரங்கத் தீவை இந்தச் சொல்லோடு சேர்த்துப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு. அதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: ஆற்று மணலில் விழா, அதில் இளையோரின் காதல், மறுநாள் அவிந்த அடுப்பு என்ற மூன்றையும் ஒரே சட்டகத்தில் வைத்த ஒரு கவிஞர் உறையூரில் இருந்தார். இன்னும் வியப்பு என்னவென்றால், அகநானூற்றைத் தொகுத்தவர்கள் ஒற்றைப்படை எண் பாட்டுகள் அனைத்தையும் பாலைத் திணைக்கு ஒதுக்கினார்கள். 137 பாலைப் பாட்டு. நெவாடாக்காரர்கள் விழாவைத் தேடிப் பாலைவனத்துக்குப் போகிறார்கள். முதுகூத்தனார் விழா முடிந்த சோலைக்குள்ளேயே பாலையைக் கண்டுவிட்டார்.

தமிழ் மண்ணில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது என்பார்கள். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் நல்லியல்பு இழந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் வகுத்துவிட்டது. எனவே தமிழில் பாலை என்பது ஒரு பருவம், ஒரு மனநிலை. அதன் உரிப்பொருள் பிரிவு. இதை நம் சினிமா எப்போதாவதுதான் நினைவில் வைத்துக்கொள்கிறது. 2000ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் எகிப்துப் பாலைவனம் ஒரு பாட்டின் அழகான பின்னணியானது. 2013ல் பரத்பாலாவின் 'மரியான்' இன்னும் ஒருபடி உள்ளே போனது. நெய்தல் கரையில் காத்திருக்கும் பனிமலரும், ஆப்பிரிக்கப் பாலையில் தாகத்தோடு நடக்கும் மரியானும் சங்கத் திணை இலக்கணத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறார்கள். 2011ல் ம.செந்தமிழன் 'பாலை' என்ற பேரிலேயே சங்க காலத்தைக் களமாக வைத்து ஒரு படம் எடுத்தார். பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாத அந்த முயற்சி இன்னும் அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டும்.

விழாவும் காதலும் சேரும் இடத்தில் பழைய உரைகாரர் ஒருவர் இன்னொரு முடிச்சைப் போடுகிறார். இறையனார் களவியல் உரையில், இரவில் காதலர் சந்திப்பதற்கு வரும் தடைகளை அடுக்கும்போது, ஊர் தூங்காமல் இருப்பதும் ஒரு தடை என்று வருகிறது. ஊர் ஏன் தூங்கவில்லை? திருவிழா. எடுத்துக்காட்டாக அவர் சொல்லும் மூன்று விழாக்களில் மதுரையின் ஆவணி அவிட்டமும் கருவூரின் உள்ளி விழாவும் இருக்கின்றன. மூன்றாவது உறையூர்ப் பங்குனி உத்திரம்.

திரைக்கதை எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். திருவிழா என்றால் காதலர் கூடுவதற்கு வாய்ப்பு என்பதுதான் நம் எல்லோருடைய நினைப்பும். நூறு படங்கள் அப்படித்தான் வந்திருக்கின்றன. தேரோட்டத்தில் கண்கள் சந்திக்கும், ராட்டினத்தில் கைகள் உரசும். களவியல் உரைகாரரோ தெருவெல்லாம் விளக்கும் ஆளுமாக இருக்கும் இரவில் காதலர் எங்கே ஒதுங்குவது என்று கேட்கிறார். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிப் பருவத்தில் உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ ஓர் இரவு நடந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். பகல்பத்து, இராப்பத்து என்று அந்த விழா மூன்று வாரம் போகும். அத்தனை நாளும் வெளியூர் உறவினர் வீட்டில் நிறைந்திருப்பார்கள். எந்தத் திண்ணையும் காலியாக இருக்காது. அங்கே இரண்டு இளசுகள் நாலு வார்த்தை பேசுவது கடினம். கதைக்கு இதைவிட நல்ல இறுக்கம் வேறு எதில் கிடைக்கும்?

பங்குனிக்கு வருவோம். கமலவல்லியோடு சேர்த்தி முடிந்து நம்பெருமாள் ஊர் திரும்புகிறார். மூன்று நாள் கழித்து உத்திரம், ஸ்ரீரங்கநாச்சியாரின் நட்சத்திரம். நாச்சியார் சன்னதியின் வாசலைத் தாண்டி ஒருபோதும் வெளியே எழுந்தருளாதவள். படிதாண்டாப் பத்தினி என்பது அவளுக்கு ஊரார் வைத்த பேர். ஆகவே பெருமாள்தான் அவளைத் தேடி வர வேண்டும். வருகிறார். வந்தவர் விரலில் மோதிரம் இல்லை. கண் சிவந்திருக்கிறது, திலகம் கலைந்திருக்கிறது. கதவு சாத்தப்படுகிறது. பூப்பந்துகள் பறக்கின்றன, வாழை மட்டையால் அடி விழுகிறது. மட்டையடி என்றே அந்த உற்சவத்துக்குப் பேர். பிரணய கலகம் என்பது ஏட்டுப் பேர். மோதிரம் ஆற்றில் தொலைந்தது என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. இரு தரப்பின் வாதமும் வாசிக்கப்படுகிறது. கடைசியில் நம்மாழ்வார் வந்து சமரசம் செய்து வைக்கிறார். அதன்பிறகே கதவு திறக்கும். ரங்கநாதரும் ரங்கநாயகியும் ஒன்றாகக் காட்சி தருவது ஆண்டில் அந்த ஒருநாள்தான். அதே சேர்த்தியின் முன் நின்றுதான் ராமானுஜர் தம் சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்தார் என்பது வைணவ மரபு.

பக்தர்களுக்கு இது வேடிக்கைக் காட்சி இல்லை. வழிபாடு. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனாலும் வயதானவர்கள், சிறுவர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் அந்தக் கதவின் முன்னே நின்று, அடுத்து என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. ஊடலை ஓர் ஊரே கூடி ரசிக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆற்று மணலைக் கடந்து போன மூன்று நாளைக்கு முந்தைய சந்தோஷத்துக்கு இங்கே கணக்குக் கேட்கப்படுகிறது. மறுநாள் என்ற ஒன்று கட்டாயம் வருகிறது.

அரங்கனைச் சுற்றிய காதல் கதைகள் அதோடு நிற்பதில்லை. வில்லிபுத்தூர் ஆண்டாள் இங்கே வந்துதான் கலந்தாள் என்கிறது குருபரம்பரை. சுல்தானின் படையெடுப்பில் டில்லிக்குப் போன விக்கிரகத்தின் மேல் காதல் கொண்டு, அது திரும்பி வந்தபோது பின்னாலேயே ஓடிவந்த சுல்தானின் மகளைப் பற்றிய கதையைக் கோயிலொழுகு சொல்கிறது. அந்தத் துலுக்க நாச்சியாருக்கு அர்ச்சுன மண்டபத்தை ஒட்டிச் சுவரில் ஓவியமாக இடம் கொடுத்து, ரொட்டி நைவேத்தியமும் வைத்திருக்கிறார்கள். வரலாறா, கதையா என்ற விசாரணை தனி. டில்லியிலிருந்து திருவரங்கம் வரை ஓர் இளம்பெண் காதலுக்காக நடந்தாள் என்று நம்ப ஒரு கோயில் ஊர் தயாராக இருந்தது என்பதே பெரிய விஷயம்.

அதே மணலில் கசப்பான கதையும் உண்டு. பாணர் குலத்தில் வளர்ந்தவர் என்பதால் திருப்பாணாழ்வார் ஆற்றைக் கடந்து கோயிலுக்குள் வர முடியவில்லை. உறையூர்க் கரையில் யாழோடு நின்று பாடியபடியே இருந்தார். விலகச் சொல்லி லோகசாரங்கர் எறிந்த கல் அவர் நெற்றியில் பட்டது. பிறகு அதே லோகசாரங்கர் அவரைத் தோளில் சுமந்து வந்தார். மணல்வெளியில் எல்லோரும் சமம் என்று நெவாடாவில் ஒரு வாரம் சொல்லிக்கொள்ளலாம். காவிரி மணலில் யார் நிற்கலாம், யார் கடக்கலாம் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இங்கே காதல் படம் எடுக்க வருகிறவர் அதைத் தாண்டிக் குதித்துவிட முடியாது. குதிக்கவும் கூடாது.

கலைவிழாவில் காதல் என்ற கருவுக்குத் தமிழில் ஆதிக்கதை எது என்று கேட்டால், ஆதிமந்தியைச் சொல்ல வேண்டும். குறுந்தொகையின் 31ஆம் பாட்டு அவள் பேரில் இருக்கிறது. வீரர்கள் கூடும் விழாவில் தேடினாள், பெண்கள் கைகோத்து ஆடும் துணங்கையில் தேடினாள், காதலனைக் காணவில்லை. அவளும் ஆடுகளத்துக்காரி, அவனும் ஆடுகளத்துக்காரன். ஆட்டனத்தி என்ற அந்த ஆட்டக்காரனைக் கழார்த் துறையில் புனல் விழாவின்போது காவிரி கொண்டுபோன செய்தியைப் பரணர் வெவ்வேறு பாட்டுகளில் சொல்கிறார். இருவரும் கலைஞர்கள், களம் திருவிழா, பிரிப்பது ஆறு. கண்ணதாசன் இதை 'ஆட்டனத்தி ஆதிமந்தி' என்று காவியமாக்கினார். அதைத் தழுவி 1960ல் எம்.ஜி.ஆர்., பத்மினி, அஞ்சலிதேவி நடிக்க 'மன்னாதி மன்னன்' வந்தது. எம்.ஜி.ஆரும் பத்மினியும் போட்டி போட்டு ஆடும் காட்சியை இன்றைக்கும் பார்க்கலாம். அரச குலப் பகை, வாள்வீச்சு என்று படம் வேறு பக்கமும் போகிறது, ஆனால் ஆட்டக்காரர்களின் காதல் என்ற மூலக்கரு அதில் உயிரோடு இருக்கிறது.

எட்டு ஆண்டு கழித்து அந்தக் கரு முழு வடிவம் எடுத்தது. 1968, 'தில்லானா மோகனாம்பாள்'. ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு தொடராக எழுதி, கோபுலு படம் வரைந்து, வாசகர் மனத்தில் ஏற்கெனவே குடியிருந்த கதை. ஏ.பி.நாகராஜன் இயக்கினார். நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரமும் நாட்டியக்காரி மோகனாவும் சந்திப்பது திருவிழாவில். மோதிக்கொள்வது திருவாரூர்க் கோயிலில். மதுரை சகோதரர்கள் எம்.பி.என்.சேதுராமனும் பொன்னுசாமியும் வாசித்த நாதஸ்வரம், சிவாஜியின் கன்னத்திலும் கழுத்து நரம்பிலும் தெரிந்தது. படம் ஏன் இன்றும் நிற்கிறது? சிவாஜியும் பத்மினியும் மட்டும் காரணமில்லை. விழாவிலிருந்து விழாவுக்குப் போகும் கலைஞர்களின் வாழ்க்கை அதில் இருக்கிறது. ரயில் பெட்டிக்குள் ஒருவர் பார்க்காதபோது மற்றவர் பார்க்கும் அந்தக் காட்சி நடப்பது இரண்டு கச்சேரிகளுக்கு இடையே. மேடை இறங்கிய பிறகு, ஒப்பனை கலைந்த பிறகு, அடுத்த ஊருக்கான வண்டியில்தான் காதல் வளர்கிறது. நாகராஜன் மறுநாளைப் படம் பிடித்தார்.

ஸ்ரீரங்கத்தைக் களமாகக் கொண்ட காதல் கதையும் திரைக்கு வந்திருக்கிறது. நந்தவனம் வைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டிய விப்ரநாராயணர், தேவதேவி என்ற நாட்டியப் பெண்ணிடம் மனம் இழந்து, பிறகு தொண்டரடிப்பொடி ஆழ்வாராக உயர்ந்த கதை. 1954ல் பரணி ஸ்டூடியோ பானுமதியும் நாகேஸ்வர ராவும் நடித்த 'விப்ர நாராயணா' தெலுங்கில் பெரிய பேர் வாங்கியது. அதற்குப் பின் எழுபது ஆண்டு ஓடிவிட்டது. பங்குனி மணலை வைத்து, உறையூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே, இந்தக் காலத்துப் பிள்ளைகளின் காதலைச் சொல்லும் ஒரு படம் வந்திருக்க வேண்டாமா?

ஆள் இல்லாமல் இல்லை. திருச்சி என்.ஐ.டி.யில் 1975 முதல் ஃபெஸ்டம்பர் என்ற கலைவிழா மாணவர்களாலேயே நடத்தப்படுகிறது. நடனம், நாடகம், இசை என்று நாட்டின் பல மூலைகளிலிருந்து இளைஞர்கள் வந்து சில நாள் இருந்துவிட்டுப் போகிறார்கள். வந்தவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பும் ரயிலில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம். கேமராவும் கையில் இருக்கிறது, கதையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

மொழியும் இருக்கிறது. இந்த ஊரில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த ரங்கராஜன், சுஜாதாவாகி இரண்டு வேலைகளைச் செய்துவிட்டுப் போனார். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' எழுதி, கீழச் சித்திரை வீதிப் பையன்களும் பெண்களும் எப்படிப் பேசுவார்கள், எங்கே பேச்சை நிறுத்துவார்கள் என்று பதிவு செய்தார். குறுந்தொகையை '401 காதல் கவிதைகள்' என்ற பேரில் இன்றைய தமிழில் அறிமுகப்படுத்தினார். 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' வசனமும் அவருடையதுதான். சங்கப் பாட்டுக்கும் சினிமா வசனத்துக்கும் நடுவே ஒரே ஆள் நடந்து போன தடம் இந்த வீதியில் கிடக்கிறது.

ஒரே ஒரு கவலை, மணல். சங்கப் புலவர் பார்த்த வெண்மணல் லாரி லாரியாகப் போனதைக் காவிரி, கொள்ளிடக் கரைக்காரர்கள் பல்லாண்டாகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தபோது முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. 1836ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய அணை அது. ஆற்றுப்படுகை இப்படியே பள்ளமாகவும் புதராகவும் போய்க்கொண்டிருந்தால், பங்குனியில் பல்லக்கு கடக்கவும் காதலர் நடக்கவும் மணல் என்று ஒன்று மிஞ்சுமா?

ஆகவே இளம் இயக்குநர்களே, நெவாடாவுக்கு விசாவும் ஜெய்சல்மேருக்கு ஒட்டகமும் தேடுவதற்கு முன்னால் ஒரு பங்குனியில் திருச்சிக்கு வாருங்கள். ஆயில்யத்தன்று ஆற்றைக் கடக்கும் பல்லக்கின் பின்னால் நடந்து பாருங்கள். உத்திரத்தன்று சாத்திய கதவின் முன்னால் கூட்டத்தோடு நில்லுங்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு உடனே ஊருக்கு வண்டி ஏறிவிடாதீர்கள். மறுநாள் காலையும் அம்மா மண்டபத்துக்கு வந்து, அந்த மணலைப் பார்த்துவிட்டுப் போங்கள்.